அற்ப பிரயோஜனம் என்றால் பிரயோஜனமே இல்லை என்று அர்த்தமா?

கேள்வி அனுப்பிய தம்பிக்கு 29 வயது. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை. எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறார். சபை மூப்பர் ஒருவர் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பிடித்துக்கொண்டு, "சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளதுன்னு வசனம் தெரியும்ல தம்பி? அந்த ஒரு மணி நேரம் முழங்கால்ல நின்னா என்ன?" என்று கேட்டிருக்கிறார். இது முதல் விஷயம். இரண்டாவது விஷயத்தைக் கடைசியில் இரண்டே வரியில் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது, பதினொரு வருடமாகச் சர்க்கரை. சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்த பிறகு மூன்று வாரமாக மாத்திரையைத் தொடவில்லை. "நான் சொன்னால் அவிசுவாசம் என்கிறார். வேதத்தின்படி எது சரி?"

தம்பி, கடைசி இரண்டு வரிக்குத்தான் முதலில் பதில். அப்பா இன்சுலின் போட்டுக்கொண்டிருந்து அதையும் நிறுத்தியிருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மாத்திரை மட்டும்தான் என்றால் நாளையோ மறுநாளோ ரத்தப் பரிசோதனை ஆகிவிட வேண்டும். தீராத தாகம், நிமிடத்துக்கு ஒருமுறை பாத்ரூம், வாந்தி, மூச்சு வாங்குவது, பேச்சில் குழப்பம், இவற்றில் ஏதாவது இருந்தால் நாளை என்றுகூடத் தள்ள வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அவரை எப்படிப் பேசிக் கூட்டிப்போவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு வேதத்திலேயே நல்ல வழி இருக்கிறது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்த டாக்டர். அதே அளவு வருடம் ஞாயிறு பள்ளி வாத்தியார். அதனால் இந்த வாக்குவாதத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன்.

இப்போது மூப்பர் காட்டிய வசனத்துக்கு வருவோம். 1 தீமோத்தேயு 4:8. பழைய மொழிபெயர்ப்பில், "சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது, தேவபக்தியானது இந்த ஜீவனுக்கும் இதற்குப் பின்வரும் ஜீவனுக்கும் வாக்குத்தத்தமுள்ளதாகையால் எல்லாவற்றிலும் பிரயோஜனமுள்ளது." பவுல் இங்கே எழுதிய கிரேக்கச் சொல் கும்னாசியா. நீங்கள் மாதாமாதம் பணம் கட்டும் ஜிம் இருக்கிறதே, அதன் பெயரும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். அதற்கு முந்தின வசனத்தில் "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்று வருகிறதல்லவா, அங்கேயும் அதே சொல்லின் வினை வடிவம். அதாவது, பயில்வான் உடம்பைப் பழக்குகிற மாதிரி நீ பக்தியில் உன்னைப் பழக்கு என்கிறார். உடற்பயிற்சி வீண் என்று நினைத்த ஆள் அதையே எடுத்து உவமை சொல்வாரா? "படிப்பு வீண், ஆனால் நீ வேதத்தைப் படிப்பாளி மாதிரி படி" என்று யாராவது சொல்வார்களா?

"அற்ப" என்ற சொல்லிடம் நாம் ஏமாந்துவிடுகிறோம். இன்றைய பேச்சில் அற்பம் என்றால் கேவலம். அற்பப் புத்தி, அற்பப் பயல் என்றெல்லாம் சொல்கிறோம். இந்த மொழிபெயர்ப்பில் அதன் பொருள் கொஞ்சம், அவ்வளவுதான். மூலத்தில் இருப்பதும் "கொஞ்சத்துக்கு" என்பதுதான். கொஞ்ச அளவு என்றும் எடுக்கலாம், கொஞ்ச காலம் என்றும் எடுக்கலாம். எப்படி எடுத்தாலும் பூஜ்யம் இல்லை. நித்தியத்தோடு ஒப்பிட்டால் இருபது வருடம் தரையில் உட்கார்ந்து எழ முடிவது கொஞ்சம்தான். அந்த இருபது வருடத்தைப் படுக்கையில் கழிப்பவர்களிடம் போய், அது கொஞ்சமா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. யாருக்கு எழுதிய கடிதம் இது? தீமோத்தேயு எபேசுவில் இருந்த காலத்தில் பஸ் இல்லை, லிப்ட் இல்லை. அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் துரோவாவிலிருந்து ஆசோவுக்கு எல்லோரும் கப்பலில் போகிறார்கள், பவுல் மட்டும் நடந்து வருகிறேன் என்கிறார். அது ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். இயேசுவும் சீஷர்களும் கலிலேயாவிலிருந்து எருசலேமுக்குப் போனது காலால்தான். ஒரு வழிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அப்படி நடந்து வாழ்ந்தவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி கொஞ்சம்தான் பிரயோஜனம், ஒத்துக்கொள்கிறேன். படுக்கையிலிருந்து பைக், பைக்கிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து சோபா, சோபாவிலிருந்து மறுபடி படுக்கை என்று வாழ்கிற நாம் அந்த வசனத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவது கொஞ்சம் வெட்கமான காரியம்.

அதே கடிதத்தில் அடுத்த அதிகாரம், 5:23. "நீ இனிமேல் தண்ணீர்மாத்திரம் குடியாமல், உன் வயிற்றிற்காகவும், உனக்கு அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்காகவும், கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்." தன் கர்ச்சீப் பட்டு வியாதியஸ்தர் சுகமானதைப் பார்த்த அப்போஸ்தலன், தன் சொந்தப் பிள்ளை மாதிரி இருந்த ஊழியக்காரனுக்கு எழுதியது இது. விசுவாசத்தோடு ஜெபி, வயிறு சரியாகிவிடும் என்று எழுதவில்லை. அந்தக் காலத்தில் கையில் கிடைத்த மருந்தைச் சொல்லி, அளவையும் சொல்கிறார். கொஞ்சம். (இந்த வசனத்தை வேறு காரணத்துக்காக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறவர்கள் உண்டு. அவர்கள் "கொஞ்சம்" என்பதையும் சேர்த்து மனப்பாடம் செய்வது நல்லது.)

பவுலுக்கு விளையாட்டு மைதானம் தெரியும் என்பதற்கு எனக்குப் பிடித்த இடம் 1 கொரிந்தியர் 9. கொரிந்துவுக்குப் பக்கத்திலேயே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடக்கும். ஜெயித்தவனுக்கு இலையால் செய்த கிரீடம், சில நாளில் காய்ந்துவிடும். அதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு, "அழிவுள்ள கிரீடம்" என்றதும் உடனே புரிந்திருக்கும். 26ஆம் வசனத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்: "ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்." மூலத்தில் இருப்பது குத்துச்சண்டை. தமிழ் வாசகனுக்குக் குத்துச்சண்டை தெரியாது, கம்பு சுற்றுவது தெரியும் என்று பவுல் கையில் சிலம்பத்தைக் கொடுத்துவிட்டார்கள்! சின்ன வயதில் இதைப் படித்து, பவுல் எங்கள் ஊர்த் திருவிழாவில் கம்பு வீசுகிற மாதிரி கற்பனை பண்ணியிருக்கிறேன்.

ஜிம் பக்கத்து ஆட்கள் தூக்கிப் பிடிக்கும் வசனத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். "உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியினுடைய ஆலயம்" என்பதைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு பளு தூக்குகிறார்கள். 1 கொரிந்தியர் 6:19 பேசுவது வேசித்தனத்தைப் பற்றி. கலோரி கணக்குக்காக எழுதியது இல்லை. ஆனால் பவுல் அந்த இடத்தில் வைக்கிற அடிப்படை எல்லாவற்றுக்கும் பொருந்தும்: "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே." உடம்பு உங்கள் சொத்து இல்லை, உங்களிடம் ஒப்படைத்தது. வேதத்தில் உக்கிராணக்காரன் என்று ஒரு சொல் வருகிறது. எஜமானுடைய சாமான்கள் இருக்கிற அறையின் சாவி அவன் கையில். அவன் அரிசி மூட்டையை எலிக்கு விட்டாலும் தப்பு. மூட்டைகளுக்கு மாலை போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாலும் தப்பு. சமையலுக்கு வேண்டிய நேரத்தில் அரிசி எடுத்துக் கொடுக்கத்தான் அவன் அங்கே இருக்கிறான்.

இதுதான் தம்பி, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. உடம்பு எதற்கு என்று கேட்டுவிட்டால் மூப்பருக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிற சண்டையில் பாதி தீர்ந்துவிடும். கண்ணாடிக்கா, வேலைக்கா?

ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். இங்கிலாந்துக்காரர், அறுவை மருத்துவர், மலையேறுகிறவர். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தார். அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், அப்போது தெற்குத் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூருக்கு வந்தார். இன்றைக்கு அது கன்னியாகுமரி மாவட்டம். அங்கே லண்டன் மிஷனரி சங்கத்தின் ஆஸ்பத்திரி 1838இலிருந்து நடந்துகொண்டிருந்தது. வாசலில் கூட்டம் கூட்டமாக நோயாளிகள். அவ்வளவு பேருக்கும் அறுவை செய்ய ஒரே ஒரு டாக்டர். லண்டனில் நல்ல எதிர்காலம் காத்திருந்த மனுஷன், அதை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்துவிட்டார். 1924இல் மறுபடி எவரெஸ்ட். ஜூன் 4ஆம் தேதி ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய 8,500 மீட்டர் வரை ஏறினார். இறங்கும்போது தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிட்டது. பனியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தன் நெஞ்சைத் தானே அழுத்தி இருமினார். குரல்வளையின் உள்தோல் உரிந்து அடைத்துக்கொண்டிருந்தது, அது ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. பிறகு எழுந்து நடந்தார். அதே வருடம் குளிர்கால ஒலிம்பிக்கில், 1922 குழுவுக்கு மலையேற்றத்துக்காகக் கொடுத்த பதக்கத்தில் அவருக்கும் ஒன்று.

அதன் பிறகு என்ன செய்தார்? திரும்பி நெய்யூருக்கு வந்து வயிற்றுப்புண் அறுவைகளைச் செய்துகொண்டிருந்தார். அந்தப் பகுதியில் குடல்புண் அப்போது ஏராளம். பிறகு வேலூர் சிஎம்சியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். மொத்தம் ஏறக்குறைய நாற்பது வருடம் நம் ஊரில். உலகத்திலேயே உயரமான இடத்தில் மூச்சு வாங்கிய நெஞ்சு, நெய்யூர் வெயிலில் நாளெல்லாம் நின்று தையல் போட உதவியிருக்கிறது. அவர் மலையேறியதை யாராவது "அற்ப பிரயோஜனம்" என்று சொல்லியிருப்பார்களா, தெரியவில்லை. அவர் கையால் பிழைத்தவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே 1924 கோடையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடினார் எரிக் லிடெல். ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று தனக்குப் பிடித்த 100 மீட்டரை விட்டுவிட்டு, 400 மீட்டர் ஓடி 47.6 வினாடியில் தங்கம் வாங்கியவர். அடுத்த வருடமே சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். அதே பாரிஸுக்கு இந்திய அணியோடு போனவர் ஹாரி குரோ பக். 1920இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர், இன்றைக்கு நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். நம் பள்ளிக்கூடங்களில் விசிலை ஊதி நம்மை ஓடவிட்ட பிஇடி மாஸ்டர்கள் பலருடைய பரம்பரை அங்கேதான் போய் முடியும். கூடைப்பந்தும் ஒய்எம்சிஏ வீட்டுப் பிள்ளைதான். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில், குளிர்காலத்தில் பையன்களைச் சும்மா வைத்திருக்க முடியாமல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை ஆணியடித்து மாட்டியதில் தொடங்கியது. கிறிஸ்தவர்கள் விளையாட்டுக்கு விரோதிகள் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆனால் லிடெல் கதையை அங்கேயே முடிக்கக் கூடாது. ஜப்பானியர் வைத்த வெய்சியன் முகாமில் கைதியாக இருந்தபோது, 1945 பிப்ரவரியில் மூளைக் கட்டியால் இறந்தார். வயது 43. குடி இல்லை, புகை இல்லை, உலகச் சாம்பியன் உடம்பு, முழு விசுவாசம். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் ஆரோக்கியமாக இருப்பவன் தேவனுக்குப் பிரியமானவன், வியாதிக்காரன் எங்கேயோ தப்பு பண்ணியவன் என்ற எண்ணம் சபைக்குள்ளும் வரும், ஜிம்முக்குள்ளும் வரும். பவுலுக்கே மாம்சத்தில் ஒரு முள் இருந்தது, மூன்று தரம் கேட்டும் எடுக்கப்படவில்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். குணமாக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே சபையைத் தாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தினமும் நூறு தண்டால் எடுத்துவிட்டு, வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் தூக்கித் தராதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மூப்பர் ஒரு விஷயத்தில் சரியாகக்கூட இருக்கலாம். ஜிம் ஒரு மணி நேரம், போக வர ஒரு மணி நேரம், அதைப் படம் பிடித்துப் போட அரை மணி நேரம், புரோட்டீன் பவுடருக்கு மாதம் இவ்வளவு, காணிக்கைக்குச் சில்லறை என்று இருந்தால் அவர் கேட்டது நியாயம். உங்களை எனக்குத் தெரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பு ஏறவில்லையே என்று ஸ்டீராய்டு ஊசி போடத் தோன்றினால் மட்டும் உடனே நிறுத்துங்கள். அந்த ஊசிகள் இதயத்தையும் ஈரலையும் என்ன செய்யும் என்பதை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

யோகா செய்யலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். மனசாட்சி உறுத்தினால் செய்ய வேண்டாம், உடம்பை வளைக்க வேறு ஆயிரம் வழி இருக்கிறது. உறுத்தாதவன் உறுத்துகிறவனைக் கேலி பண்ண வேண்டாம். ரோமர் 14ஐப் படித்துவிட்டு இரண்டு பேரும் காபி குடிக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றித்தான் நம் சபைகள் வாயே திறப்பதில்லை. நீதிமொழிகள் 23:20 "மதுபானப்பிரியரையும் மாம்சப்பெருந்தீனிக்காரரையும் சேராதே" என்கிறது. முதல் பாதியை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன்! இரண்டாவது பாதியை வைத்து ஒன்றுகூட ஞாபகம் இல்லை. அந்தப் பிரசங்கம் முடிந்ததும் வெளியே பந்தியில் "இன்னொரு பீஸ் வைங்க பிரதர்" என்ற சத்தம்தான் ஞாபகம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அசனம் என்றால் சாதாரணமா? ஊரே உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற நாள், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து இல்லாத வீடு வீடா? பண்டிகை வருடத்துக்குச் சில நாள். சிக்கல் அங்கே இல்லை. வாராவாரம் ஆராதனை முடிந்து பாலும் சீனியும் வழியும் டீ, கிரீம் பிஸ்கட், ஐக்கியக் கூட்டத்தில் கேக், பிறந்தநாள் ஸ்தோத்திரத்துக்குப் பிரியாணி, அங்கேதான் சிக்கல். 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். உங்கள் சபையில் எத்தனை பேர் என்று தனியாக எண்ண வேண்டாம். டீ கொடுக்கும் இடத்தில் "எனக்கு சீனி இல்லாம" என்று கேட்பவர்களை எண்ணினால் போதும். சபைப் பெண்கள் ஐக்கியத்தில் யாராவது ஒருவர் மனசு வைத்தால், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டுச் சுண்டலும் நாலு கொய்யாப்பழமும் வைக்கலாம்.

உபவாசத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், உபவாச ஜெபத்திலிருந்து ஒரு அம்மாவை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். ஜெபத்தின் நடுவில் சாய்ந்தவரை, ஆவியில் நிறைந்திருக்கிறார் என்று முக்கால் மணி நேரம் அப்படியே விட்டிருக்கிறார்கள். புடவை முதுகோடு ஒட்டிப்போகிற அளவுக்கு வியர்வை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பாட்டை மட்டும் விட்டிருக்கிறார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, "பாட்டு முடிஞ்சிருச்சா?" என்றார். கூட வந்தவர்கள் அழுதுவிட்டார்கள். இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க அவர் இருந்திருக்க மாட்டார்.

கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. டாபாகிளிஃபுளோசின் வகை மாத்திரையில் நீண்ட உபவாசம் இருந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. லெந்து நாட்களுக்கு முன்பே டாக்டரிடம் சொன்னால் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார். எல்லா உபவாசத்தையும் தடுக்கிறவர்கள் இல்லை நாங்கள். 70க்குக் கீழே இறங்கினால், கை நடுங்கி வியர்த்தால், உபவாசத்தை அந்த நிமிடமே முடித்துவிட வேண்டும். சீனித் தண்ணீர் குடித்தவரை கர்த்தர் கணக்குக் கேட்க மாட்டார். ஏசாயா 58ஐப் படித்தால், பசித்தவனுக்குப் பகிர்ந்து கொடுப்பதுதான் அவர் கேட்ட உபவாசம் என்று இருக்கிறது.

எலியாவின் கதையை மறக்க முடியாது. 1 இராஜாக்கள் 19. கர்மேலில் அவ்வளவு பெரிய ஜெயம், மறுநாளே உயிருக்குப் பயந்து ஓட்டம். சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறார். இன்றைக்கு அப்படி ஒரு போதகர் சொன்னால் என்ன செய்வோம்? விசுவாசம் போதவில்லை என்று ஆலோசனை சொல்ல நாலு பேர் கிளம்பிவிடுவோம். தேவதூதன் அதெல்லாம் சொல்லவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கவிட்டான். இரண்டாம் தரமும் சாப்பாடுதான். காரணமும் சொன்னான், போக வேண்டிய தூரம் அதிகம் என்று. ஓரேபில் மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம், நாற்பது நாள் நடந்த பிறகு. ராத்திரி பன்னிரண்டு வரை ஊழியம், விடிகாலை நாலு மணிக்கு ஜெபம், நடுவில் பரோட்டா என்று ஓடுகிற இளம் ஊழியக்காரர்களிடம் நான் இந்த அதிகாரத்தைத்தான் மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுப்பேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு சின்னது. வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடை. இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. இதைத்தான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. இடுப்புச் சுற்றளவு நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்கட்டும். மூப்பர் சொன்ன ஜெப நேரத்தை நடையிலேயே வையுங்கள். ஒரு தெருவுக்கு ஒரு வீட்டார் என்று பேர் சொல்லி ஜெபித்துக்கொண்டு நடந்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது. அப்படியே ஒருநாள் மூப்பரையும் கூப்பிடுங்கள். வாக்குவாதம் வேண்டாம், "அண்ணாச்சி, காலையில சேர்ந்து நடந்துக்கிட்டே ஜெபிப்போமா?" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து முழங்காலில் நிற்கச் சொல்கிற வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு முழங்காலே நிற்க விடுவதில்லை. தொடைத் தசை வலுவானால் அவர்களும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கலாம்.

இப்போது அப்பா.

அவரிடம் "மாத்திரை போடாதது முட்டாள்தனம்" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் அவர் உண்மையாகவே அழுதிருப்பார், பாரம் இறங்கியிருக்கும். அதைக் கேலி பண்ணினால் கதவு சாத்திக்கொள்ளும். அவர் ஆசா ராஜாவைக் காட்டலாம். 2 நாளாகமம் 16:12, கால் வியாதியில் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே தேடினான் என்று. அந்த அதிகாரம் முழுவதையும் சேர்ந்து படியுங்கள். ஆசா அதற்கு முன்பே கர்த்தரை விட்டுவிட்டுச் சீரியா ராஜாவின் துணையைத் தேடினவன், கண்டித்த தீர்க்கதரிசியைச் சிறையில் போட்டவன். அங்கே குற்றம் வைத்தியரிடம் போனது இல்லை, கர்த்தரிடம் போகாதது. எசேக்கியாவைப் பாருங்கள். பதினைந்து வருடம் ஆயுசு கூட்டித் தருகிறேன் என்று தேவனே வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே நாளில்.

நாலாம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியுவிடம் துறவிகள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள், மருந்து எடுப்பது பக்திக்குப் பொருந்துமா என்று. அவரே நோஞ்சான். ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரிய விடுதி கட்டியவர். பூமியில் முளைக்கிற மூலிகையும் தேவன் தந்ததுதான், விவசாயத்தைத் தந்த மாதிரி மருத்துவத்தையும் தந்தார் என்கிறார். அதோடு, எசேக்கியா அத்திப்பழத்தையே தன் சுகத்துக்கு மூலகாரணம் என்று நினைக்கவில்லை, அதுபோல நாமும் முழு நம்பிக்கையையும் மருந்தில் வைக்க வேண்டாம் என்கிறார். அப்பாவுக்கு இந்தப் பதில் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் ஒரே ஒரு இடம் போதும், லூக்கா 17:14. பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு, போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள் என்றார். ஏன்? லேவியராகமம் 14இன்படி சுகமானதை ஆசாரியன் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அற்புதம் செய்தவரே பரிசோதனைக்கு அனுப்பினார். அப்பாவிடம் இப்படிக் கேளுங்கள்: "அப்பா, ஆண்டவர் சுகமாக்கியிருந்தா ரிப்போர்ட்ல தெரியும்ல? சாட்சி சொல்றதுக்கு முன்னாடி ஆசாரியன்கிட்ட காட்டிட்டு வந்துருவோம்." இப்படிக் கேட்டு மாட்டேன் என்று சொன்ன ஆள் எனக்கு ஒருவரோ இருவரோதான்.

மூன்று பரிசோதனை வேண்டும்: வெறும் வயிற்றில் சர்க்கரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அப்புறம் ஹெச்பிஏ1சி. ஹெச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாத சராசரி. அவர் நிறுத்தி மூன்று வாரம்தான் ஆகிறது, முந்தின இரண்டு மாதம் மாத்திரை போட்ட பலனும் அதில் கலந்திருக்கும். அதனால் அந்த எண் மட்டும் நன்றாக இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள், மற்ற இரண்டையும் பாருங்கள். மாத்திரையே இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் 6.5க்குக் கீழே நின்றால், அதை நாங்களே நோய் தணிந்த நிலை என்று எழுதுவோம். அப்படி வந்தால் டாக்டர் சொல்லியே மாத்திரையை நிறுத்தட்டும். ஏறியிருந்தால் அதே மாத்திரையை, கையில் வைத்து ஜெபித்துவிட்டு, தண்ணீரோடு விழுங்கட்டும். அப்படிச் செய்கிற நோயாளிகள் எனக்கு நிறையப் பேர்.

போகும்போது பழைய சீட்டையும் மீதி இருக்கிற மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போங்கள். அவருக்குப் பிடித்த போதகர் யாராவது டாக்டரிடம் போகச் சொல்லக்கூடியவராக இருந்தால், முன்னாடி நாள் ராத்திரி அவரைப் போன் பண்ணச் சொல்லுங்கள், நீங்கள் சொல்வதைவிட அது எடுபடும். வெறும் வயிற்று ரத்தம் கொடுத்து முடித்ததும் அப்பா பசியில் எரிச்சலாக இருப்பார். டிபன் பாக்ஸில் மூன்று இட்லி கட்டிக்கொண்டு போங்கள். சாப்பிடத் தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள், அங்கிருந்துதான் இரண்டு மணி நேரக் கணக்கு.